ஊமைச்சிகாட்டில் பேர் கூப்பிட்ட நாள்

அன்று காட்டுக்குள் இருந்தவர்கள் பதினொரு பேர். எங்கள் ஊர்க்காரர்கள் எட்டுப் பேர்: பஞ்சாயத்துத் தலைவர் திருமேனி, காட்டுப் பூசாரி, டீக்கடைக்காரர், ஆடு மேய்க்கும் பெரியவர், சத்துணவு சமைக்கும் அம்மாள், என் மனைவி, என் மனைவியின் அக்கா கூத்தாயி, நான். என் பேர் நல்லாண்டி. வெளியிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர்: தாலுகா ஆபீஸ் அதிகாரி, அவரோடு வந்த குவாரிக்காரர், ஜீப் ஓட்டி வந்தவர். எங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு நான் பேர் எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்களின் பேர்கள் இப்போது எங்கும் இல்லை, எழுதப் போனால் பேனா நிற்கிறது. அவை எப்படிப் போயின என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நெடுங்குறிச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் மேட்டில் இருக்கிறது. நாலு பக்கமும் தைலமரத் தோப்பு, அந்தத் தோப்பில் குருவி உட்காராது, உட்கார்ந்தாலும் கூடு கட்டாது, அதன் நடுவே யாரும் நடாமல் யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாக நின்ற மூணேகால் ஏக்கர்தான் ஊமைச்சிகாடு. வீரையும் காயாவும் உலக்கைப்பாலையும் குருந்தும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கொடிகள் அவற்றை இழுத்துக் கட்டி, சித்திரை வெயிலில் உள்ளே போனாலும் ஈரத்துணியைப் போர்த்தியது போல இருக்கும். சாமிக்குச் சிலை கிடையாது, ஒரு கல்தான். ஊமைச்சி வாய் பேசாத சாமி.

அந்தக் காட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போனால் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கை தட்டலாம், இருமலாம், இந்தா என்று சொல்லலாம், பேர் மட்டும் கூடாது. காட்டில் இருக்கிற உயிர்களுக்குத் தனித்தனியாகப் பேர் வைத்தவர் யாரும் இல்லை, இந்த உடும்பு இன்னார் அந்த நரி இன்னார் என்று எவரும் சொன்னதில்லை, அப்படி ஒன்றும் இல்லாதவை முன்னால் நம் பேரை எடுத்து நீட்டுவது பசித்திருப்பவர் முன்னால் உட்கார்ந்து தின்பது போல என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட முடியாத இடத்தில் ஒருவர் விடுபட்டுப் போனால் தெரிய வேண்டுமே, அதற்காகக் காட்டு வாயில் ஓர் ஆள் நின்று போகிற தலைகளையும் வருகிற தலைகளையும் எண்ண வேண்டும். அந்த வேலை என்னுடையது. பேசக் கூச்சப்படுகிறவன், எண்ணிக்கையில் தப்பாதவன் என்று ஊர் எனக்கு அதைக் கொடுத்தது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும்.

அதிகாரி காட்டைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். சின்னச் சின்னக் காடுகளுக்கெல்லாம் கம்பி வேலி போட்டுக் காப்பாற்றப் போகிறார்கள், ஊர்ப் பெரியவர்கள் கூடவந்து சுற்றிக் காட்ட வேண்டும் என்றார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. புற்றின்மேல் படுத்து வெயில் காய்ந்த உடும்பைக் காட்டினோம். பாலை மரக் கவட்டில் வாலைத் தொங்கவிட்டுத் தூங்கிய மரநாயைக் காட்டினோம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு எங்களைப் பார்த்த ஆந்தையை, கொடிப் பந்தலுக்குள் நடந்த செம்போத்தை, புதரோரம் நின்று நகராத நரியை, கல்லிடுக்கில் மூக்கை நீட்டிய கீரியை, சருகுக்குள் பாதி புதைந்த கட்டாமை என்கிற நில ஆமையை, எப்போதும் கண்ணில் படாமல் அன்று என்னவோ பட்ட அலங்கு, எறும்புத்தின்னி என்பார்களே அது, செதில் முதுகைக் கூனிக்கொண்டு கரையான் தோண்டியதை, எல்லாம் காட்டினோம். அதிகாரி தலையை ஆட்டினார். குவாரிக்காரர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்புக் குதிகாலால் மண்ணைக் குத்திக் குத்தி எவ்வளவு ஆழத்துக்குச் செம்மண் என்று பார்த்துக்கொண்டே வந்தார். அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், எல்லோரும் ஏதோ வழக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

சாமிக் கல்லுக்கு முன்னால் வந்ததும் அதிகாரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வந்தவர்களைப் பதிய வேண்டும், பேர் கூப்பிடுகிறேன் என்றார். பூசாரி இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். அதிகாரி திருமேனி என்று கூப்பிட்டார். தலைவர் நேராக நிமிர்ந்து, "உள்ளேன் ஐயா" என்றார்.

பேர் கூப்பிட்டால் பதில் சொல்வதுதான் பள்ளிக்கூடம் எங்களுக்குள் ஆணியடித்தது போல அடித்துவிட்டுப் போன ஒரே பாடம். எங்களில் எழுத்து மறந்தவர் உண்டு, வாய்ப்பாடு மறந்தவர் உண்டு, அதை மறந்தவர் இல்லை. கையை ஆட்டிக்கொண்டிருந்த பூசாரியே தன் பேர் வந்ததும் ஆட்டிய கையோடு உள்ளேன் ஐயா என்றார். எட்டுப் பேரும் சொன்னோம். ஒவ்வொரு பேருக்கும் காட்டுக்குள் ஒன்று தலையைத் தூக்கியது. திருமேனிக்கு உடும்பு தூக்கியது. பூசாரிக்கு ஆந்தை, டீக்கடைக்காரருக்கு மரநாய், ஆடு மேய்ப்பவருக்கு நரி, சமையல் அம்மாளுக்குக் கீரி, கூத்தாயிக்குச் செம்போத்து, என் மனைவிக்கு அலங்கு, எனக்குக் கட்டாமை.

அதிகாரியின் பேர் அருள்வேந்தன். அதை அங்கே யாரும் சொல்லவில்லை. சார் என்றோம், ஐயா என்றோம், அப்படிப்பட்டவர்களைப் பேர் சொல்லும் வழக்கம் எங்கள் வாய்க்கு இல்லை. ஆகவே அவர் பேர் அவரிடமே இருந்தது. வெளியே வரும்போது நான் வாயில் நின்று என்னையும் சேர்த்து எண்ணினேன். போனவர்கள் பதினொன்று, வந்தவர்கள் பதினொன்று.

மறுநாள் காலையில் டீக்கடையில் யாரோ கடைக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஸ்ட்ராங்காக ஒன்று போடச் சொன்னார்கள். கடைக்காரர் திரும்பவில்லை, அவர் காதில் அது வேறு யாரையோ கூப்பிடுவது போலத்தான் விழுந்தது. மரநாய் தைலமரத் தோப்பைத் தாண்டி வந்து பெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து கேட்டவர் முகத்தைப் பார்த்தது. அன்று சாயங்காலத்துக்குள் எட்டுப் பேருக்கும் அப்படித்தான் என்று தெரிந்துபோயிற்று.

ஊர் இதை இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டது. அதுதான் எனக்கு ஆத்திரம். காய்ச்சல் வந்தால்கூட இதைவிட அதிகமாகப் புலம்புகிறவர்கள். ரேஷன் கடையில் ஆடு மேய்ப்பவர் பேரைக் கூப்பிட்டால் நரி வந்து வரிசையில் நிற்கும், பெண்கள் சேலையை ஒதுக்கி அதற்கு இடம் விடுவார்கள், பின்னாலேயே பெரியவர் பையோடு வந்து அரிசியை வாங்கிக்கொண்டு போவார். நரி பக்கத்தில் நிற்கிற தைரியத்தில் அவர் ஆடுகளுக்கு நாய்ப்பயம் விட்டுப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை சமையல் அம்மாளைக் கூப்பிடும்போதெல்லாம் கீரி வந்து நின்றதால் அதற்கும் கணக்கில் ஒரு முட்டை ஒதுக்கினார்கள். பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் மைக்கில் தலைவர் திருமேனி அவர்களை மேடைக்கு அழைத்தபோது உடும்பு படியேறிப் போய் ஜமுக்காளத்தில் படுத்தது, அவர்கள் அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவருக்கு அதில் வருத்தமில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று திட்டுகிறவர்கள் பேர் சொல்லித் திட்டினார்கள், உடும்பு வந்து கேட்டுக்கொண்டது.

கூத்தாயி தினமும் வேலியோரம் நின்று தங்கச்சியை, அதாவது என் மனைவியை, பேர் சொல்லிக் கூப்பிடுவார். அலங்கு வந்துவிடும். வந்த வழியில் நாலு வீட்டு நிலைப்படிக் கரையானைத் தின்று தீர்த்துவிட்டு வரும். ஊர் அதை வாழ்த்தியது. பேரில்லாமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டேன்.

"பேருதானே போயிருக்கு, ஆளு இங்கதானே நிக்கிறேன்" என்றாள். "நீ என்னைக்குப் பேரு சொல்லிக் கூப்பிட்ட, இன்னைக்குப் புதுசாத் தேட? கஞ்சி ஆறுது, வா."

அப்புறம்தான் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊமைச்சிகாடு மூணேகால் ஏக்கரும் தரிசு, அதில் கிராவல் எடுக்க ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேர் நேரில் கூடிச் சம்மதித்திருக்கிறார்கள், பேர் கூப்பிட்டபோது எட்டுப் பேரும் உள்ளேன் என்று சொல்லியிருக்கிறார்கள், எவரும் மறுப்புச் சொல்லவில்லை என்று அதில் இருந்தது. மறுப்பு இருந்தால் சம்பந்தப்பட்டவர்கள் விசாரணைக்கு நேரில் வந்து சொல்லலாம் என்றும் இருந்தது.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் தகரக் கொட்டகையில் விசாரணை. ஊரே வந்திருந்தது. நாங்கள் எட்டுப் பேரும் முன் வரிசையில் இருந்தோம், ஆளுக்கொரு மறுப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். நானும் வைத்திருந்தேன், கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லாத நான். அதிகாரி தாளைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். உடும்பு வந்தது. பகல் வெளிச்சத்தில் கண் கூச ஆந்தை வந்தது. மரநாய் வந்தது, நரி வந்தது, கீரி, செம்போத்து, அலங்கு, கடைசியாக வெகு நேரம் கழித்துக் கட்டாமை. எட்டும் மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றன. அதிகாரி முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம்கூட இல்லை, டிக் போட்டுக்கொண்டே வந்தார். பிறகு எட்டையும் பார்த்து, காட்டைக் கொடுப்பதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். உடும்பு நாக்கை நீட்டி உள்ளே இழுத்தது. வேறெதுவும் இல்லை. வந்திருந்தனர், ஆட்சேபணை இல்லை என்று எழுதினார்.

நாங்கள் எழுந்து கத்தினோம். அதிகாரி நிமிர்ந்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

என் மனைவி மேசை வரை போய்விட்டாள். "நான்தான்யா அவ. அன்னைக்கு எதுக்குன்னு தெரியாமதான் நான் உள்ளேன்னு சொன்னது. காட்டக் குடுக்கச் சம்மதமில்ல, எழுது."

"பேரச் சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்."

அவள் தன் பேரைச் சொன்னாள். அலங்கு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

"பாத்தீங்களா?" என்றார் அதிகாரி, குரலை உயர்த்தாமல், மிகவும் மரியாதையாக. "நீங்க கூப்பிட்டா அதுதான் பாக்குது. அவங்க வந்து நின்னு ஒண்ணும் சொல்லாமப் போறாங்க. நடுவுல நீங்க யாரும்மா?"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை. சிரித்தவர்களில் பாதிப் பேருக்குக் குவாரிக்காரர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார், மீதிப் பேருக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் சும்மா சிரித்தார்கள். எங்கள் தலைவர் மட்டும் எழுந்து கத்தவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பொக்லைன் வந்தது. கிழக்கு ஓரத்தில் ஆரம்பித்தார்கள். பாலை மரம் சாயும்போது சத்தம் ஊருக்குள் கேட்டது, தட்டுகள் அடுக்கிய அலமாரி விழுவது போல. ஆந்தை குஞ்சுகளை விட்டுப் போகாமல் மரத்தோடு வந்தது. மரநாயும் அதே மரத்தில். கீரி வளைக்குள் இருந்தது, வளையின்மேல் சக்கரம் ஏறியது. நரி தார்ச்சாலைக்கு ஓடி லாரியில் அடிபட்டது. அலங்கு பயந்தால் ஓடத் தெரியாத பிராணி, தலையை வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டு பந்தாகிவிடும், அது அப்படித்தான் வண்டிக்கு முன்னால் சுருண்டு கிடந்தது. ஓட்டியவர் அதைக் கல் என்று நினைத்ததாகச் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் கல்லாகவே இருந்தாலும் அந்த இடம் அதனுடையது.

ஒவ்வொன்று சாகும்போதும் ஒரு பேர் போயிற்று. எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னமோ உடம்பு லேசாயிட்ட மாதிரி இருக்கு" என்றாள். அதே நேரம் வேலியோரம் கூத்தாயி தங்கச்சியைக் கூப்பிட வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். தங்கச்சி பிறந்தபோது ஒரு கூடைப் பேர்களிலிருந்து அதைத் தேர்ந்து வைத்தவரே அவர்தான். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு யோசித்தார். வரவில்லை. நான் ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தேன், என் பேருக்குக் கீழே வெறும் வெள்ளை. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தில் வெட்டிய எழுத்து இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

கூத்தாயி அழுதுகொண்டு கேட்டார். "நாளைக்கு அவ செத்தா நான் என்னன்னு சொல்லி அழுவேன்?"

நான் சட்டைகூடப் போடாமல் காட்டுக்குப் போனேன். இரண்டரை ஏக்கர் போயிருந்தது. சிவப்பாகப் பிளந்து கிடந்தது, வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முக்கால் ஏக்கர் மிச்சம் நின்றது, அந்த முக்கால் ஏக்கர் நிழலில், சாமிக் கல்லுக்குப் பக்கத்தில், அதிகாரியும் குவாரிக்காரரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். வெயிலில் உட்கார அவர்களால் முடியவில்லை. வெட்டியது போக மிச்சமிருந்த நிழல் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

அன்று எனக்குக் கூச்சம் இல்லை. நான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன். ஆபீஸ் பலகையில் ஒருதரம் படித்த பேர் எனக்கு மறக்கவில்லை. சார் சேர்க்காமல், ஐயா சேர்க்காமல், வாத்தியார் கூப்பிடுவது போலக் கூப்பிட்டேன்.

"அருள்வேந்தன்."

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவரும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தானே.

"உள்ளேன் ஐயா" என்றார்.

வீரை மரத்தண்டில் ஓர் ஓணான் தலையைத் தூக்கியது. குவாரிக்காரரின் பேர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் கூப்பிட்டிருப்பேன், கூப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கம். தாலுகா ஆபீசில் யார் அருள்வேந்தன் என்று கேட்டாலும் ஓணான் மேசைமேல் ஏறி வந்து நின்றது. பெரிய ஆபீசிலிருந்து ஒரு அம்மாள் விசாரிக்க வந்தார். பூசாரியும் டீக்கடைக்காரரும் ஊர்ப் பேரால் ஒரு மனு கொடுத்திருந்தார்கள், தங்கள் பேர் போட முடியாததால் கைநாட்டு மட்டும் வைத்து. அந்த அம்மாள் அருள்வேந்தன் என்று கூப்பிட்டு, நீங்கள் எழுதிய சம்மதம் பொய்யா என்று கேட்டார். ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது. ஒப்புக்கொண்டார் என்று எழுதினார்கள். வேலையை நிறுத்த உத்தரவு வந்தது. ஊர் வெடி போட்டது.

இதையும் பழகிக்கொண்டார்கள். கொட்டகையில் சிரித்தவர்களே முதலில் போனார்கள், ஓணான் முன்னால் மனுவை நீட்டினார்கள், பட்டா, ரோடு, முதியோர் பணம், அது எல்லாவற்றுக்கும் தலையாட்டியது, எல்லாம் நடந்தது. ஆளைவிட ஓணான் தேவலை என்கிறார்கள். எனக்கு மாலை போட வந்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை. இரண்டரை ஏக்கர் குழியில் செந்தண்ணீர் நிற்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே அவர்கள், எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சுது அண்ணே என்று வெளியிலிருந்து சொன்னார்கள்.

ஒரு நாள் அவரே வந்தார். முன்பு அதிகாரியாக இருந்தவர். பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்திருந்தார், சட்டையெல்லாம் புழுதி. வீட்டிலேயே அவரை யாரும் கூப்பிடுவதில்லையாம், பிள்ளை பள்ளிக்கூடத்தில் அப்பா பேரைச் சொன்னால் ஜன்னலில் ஓணான் வருகிறதாம். பேரைத் திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள் என்று என் முன்னால் கை கூப்பினார். என் மனைவி அவருக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள், அவர் குடித்து முடிக்கிற வரை நின்றாள்.

"உன் பேராவது மரத்துல ஏறி உக்காந்திருக்கு, போனாப் பாக்கலாம்" என்றாள். "என் பேரு எங்க இருக்கு, காட்டு. நானும் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

அவருக்குச் செம்பைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, கையில் வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. அவளே வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் நான் முக்கால் ஏக்கருக்குப் போகிறேன். உள்ளே பேர் சொல்லுவதில்லை, ஒருதரம் சொன்னது போதும். வாயில் நின்று தலைகளை மட்டும் எண்ணுகிறேன். புற்றின்மேல் உடும்பு. கொடிப் பந்தலில் செம்போத்து. சருகுக்குள் கட்டாமை, அது எழுந்து நடக்கிற வரை நிற்கிறேன். பிறகு வீரை மரத்தண்டைப் பார்க்கிறேன். அதை விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன், ஆனால் ஓணான் எந்தத் தாளிலும் எழுதவில்லை, எந்த மரத்தையும் வெட்டவில்லை, அதுவும் உள்ளேதான் இருக்கிறது, உள்ளே இருப்பதை எண்ணாமல் விட எனக்கு உரிமை இல்லை. எண்ணுகிறேன்.

நாலு.